அக்ரிலிக் தகடு வெட்டுதல்

அக்ரிலிக் தகடு வெட்டுதல் என்பது கண்ணாடிபோலத் தெளிந்த நெகிழித் தகட்டை, விளிம்பு சிதறாமலும் உருகாமலும் வேண்டிய அளவுக்குத் துண்டாக்கும் வேலை. விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் கடைப் பெயர்ப்பலகை, கல்லா மறைப்பு, மீன் தொட்டி மூடி, காட்சிப் பெட்டி ஆகியவற்றுக்கு இத்தகடு பயன்படுகிறது. எந்த முறையில் வெட்டுவது என்பதைத் தடிமனே தீர்மானிக்கும். 3 மி.மீ. வரை கீறி ஒடிக்கலாம். அதற்கு மேல் ரம்பம் வேண்டும். எழுத்துக்கும் வளைவுக்கும் லேசர் ஏற்றது.

பொருளின் தன்மை

அக்ரிலிக்கின் வேதிப்பெயர் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட். பிளெக்சிகிளாஸ் என்ற வணிகப் பெயரில் ஜெர்மனியில் 1933 முதல் அறியப்பட்டது. பெர்ஸ்பெக்ஸ், லூசைட் என்பன பிற பெயர்கள். எடை கண்ணாடியில் ஏறக்குறைய பாதி. தன்மேல் விழும் ஒளியில் 92 விழுக்காட்டை ஊடுருவ விடும். மதுரை ஆரோலேப் நிறுவனம் 1992 முதல் தயாரித்துவரும் கண்புரை வில்லைகளிலும் ஒரு வகை இப்பொருளால் ஆனது.

வெட்டுபவருக்குத் தெரியவேண்டிய குணங்கள் இரண்டு. திடீரென வளைத்தால் வெடிக்கும். 100 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இளகும். வார்ப்புத் தகடு சூட்டை ஓரளவு தாங்கும். இயந்திரத்தில் பிதுக்கி எடுத்த மலிவுத் தகடு சீக்கிரம் இளகிப் பிசுபிசுக்கும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் பாலிகார்பனேட் ஒடியாது, வளையும். அதைக் கீறி ஒடிக்க முடியாது.

கீறி ஒடித்தல்

மின்சாரம் வேண்டாத முறை இது. தகட்டின் பாதுகாப்பு உறையை உரிக்காமல் அதன்மேலேயே கோடு போட வேண்டும். இரும்பு அளவுகோலை கிளாம்ப் வைத்து இறுக்கி, கொக்கி முனைகொண்ட அக்ரிலிக் கட்டரைத் தன் பக்கமாக இழுக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று இழுப்பு மெதுவாக இருந்தால் பள்ளம் கோட்டிலேயே நிற்கும்; பிறகு அழுத்தலாம். ஒவ்வொரு இழுப்பிலும் மெல்லிய சுருள் கிளம்பி வரும். காகிதம் வெட்டும் கத்தி பள்ளத்தைப் பிளக்குமே தவிர, பொருளைச் சுரண்டி எடுக்காது. கட்டர் கிடைக்காதவர்கள் உடைந்த ஹேக்சா பிளேடின் முனையைக் கொக்கிபோல் சாணை பிடித்துக்கொள்வதுண்டு.

பள்ளம் தடிமனில் மூன்றில் ஒரு பங்காவது இறங்க வேண்டும். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை விடுபடாமல் ஓட வேண்டும். பின்னர் கீறல் மேலே பார்க்க, மேசை விளிம்பின்மேல் சரியாக வைத்து, வெளியே நீண்ட பகுதியைச் சட்டென்று கீழே அழுத்தினால் ஒடியும். பள்ளம் பாதியில் நின்றிருந்தால் விரிசல் தன் போக்கில் திரும்பிவிடும். ஓர் அங்குலத்துக்கும் குறைந்த அகலப் பட்டைகளுக்குப் பிடிமானம் போதாது.

ரம்பம், லேசர்

தடித்த தகட்டை நெருக்கமான பற்கள் கொண்ட ஜிக்சா பிளேடு அல்லது கார்பைடு பல் வட்ட ரம்பத்தால் அறுக்கலாம். தகடு அதிராதபடி இரு பக்கமும் கிளாம்ப் போட வேண்டும். தூள் உலர்ந்து உதிர்ந்தால் வேகம் சரி. நூல்நூலாக இழுத்து பிளேடில் ஒட்டினால் சூடு ஏறிவிட்டது; வேகத்தைக் குறைத்து, இடைவிட்டு அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் அறுத்த இடமே உருகி மீண்டும் ஒட்டிக்கொள்ளும்.

கார்பன் டை ஆக்சைடு லேசர் விளிம்பை மெருகேற்றியதுபோல் விட்டுச்செல்லும். அக்ரிலிக் விற்கும் கடைகளிலேயே கிடைக்கும் பிவிசி பலகையை லேசரில் வைக்கக் கூடாது; ஹைட்ரஜன் குளோரைடு என்ற நச்சுவாயு கிளம்பும்.

விளிம்பு மெருகு

ஹேக்சா பிளேடின் முதுகால் விளிம்பைச் சுரண்டினால் ரம்பத் தடம் போகும். அடுத்து 220, 400, 600, 800 என வரிசையாக வாட்டர் பேப்பரை நீரில் நனைத்துத் தேய்த்து, பாலிஷ் பசையால் முடிக்கலாம். துடைக்க சோப்புத் தண்ணீர் போதும். தின்னர், ஸ்பிரிட், சானிடைசர் பட்டால் வெட்டிய விளிம்பில் மயிரிழை விரிசல்கள் பரவும்.

வட்டாரச் சூழல்

விழுப்புரம் மாவட்டத்தில் கோடையில் வெயில் கடுமை. நான்கு அடிப் பலகை 20 டிகிரி சூடு ஏறினால் ஒன்றரை மி.மீ.க்கு மேல் நீளும். எனவே வெயில் படும் பலகையில் துளையைத் திருகைவிட 2 மி.மீ. பெரிதாகப் போட்டு, திருகை இறுக்கிவிடாமல் தளர்வாக விட வேண்டும். இறுக்கிய பலகை துளையிலிருந்து வெடிக்கும்.

பாதுகாப்பும் சட்டமும்

பாதுகாப்புக் கண்ணாடி, முகமூடி அணிந்து, காற்றோட்டமான இடத்தில் வெட்ட வேண்டும். தகடுகளை ஒட்டக் குளோரோஃபார்ம் பயன்படுத்துவோர் அதன் ஆவியைச் சுவாசிக்கக் கூடாது.

வீட்டில் வெட்டிய அக்ரிலிக்கை வாகன எண் பலகையாக மாட்டுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வாகனங்களுக்கு அலுமினியத்தால் ஆன உயர்பாதுகாப்புப் பலகை கட்டாயம்.