ரெலிபோன் இலக்கமும் திறக்கிற நேரமும்

நான் வேலை செய்யும் ரெஸ்ரோரண்ட் ஜெனீவாவில் இருக்கிறது. இங்கிருந்து மெய்ரன் பக்கம் ட்ராமில் போனால் சேர்ண் ஆய்வுகூடம் வரும். இன்று பெட்டிக்கடைக்கும் இருக்கிற இணையத்தளம் பிறந்தது அங்கேதான். இது தெரியாமலே நான் கனகாலம் இந்த ஊரில் கோப்பை கழுவியிருக்கிறேன்.

1989 மார்ச்சில் ரிம் பேர்ணேர்ஸ்-லீ என்பவர் அங்கே ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்தார். ஆயிரக்கணக்கானவர்கள் வந்து போகிற இடம். ஆள் போனால் அவருக்குத் தெரிந்த தகவலும் போய்விடும். அதற்கு வழி தேடியதுதான் தொடக்கம். 1990 முடிவில் முதற் பக்கம் ஒரு நெக்ஸ்ட் கணனியில் ஓடியது. யாரும் அதை அணைத்துவிடக் கூடாதென்று சிவப்பு மையால் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

அங்கே இருந்தவர்கள் ஆரம்பத்தில் அதை எதற்குப் பாவித்தார்கள் தெரியுமோ? ஆய்வுகூடத்தின் ரெலிபோன் புத்தகத்தைப் பார்க்க!

1993 ஏப்ரல் 30 இல் சேர்ண் இதை எல்லோருக்கும் இலவசமாக விட்டது. அதே வருடம்தான் மினசோட்டா பல்கலைக்கழகம் தன்னுடைய 'கோபர்' முறைக்குக் காசு கேட்கப் போவதாகச் சொன்னது. சனம் இந்தப் பக்கம் வந்துவிட்டது. அடுத்த வருடமே கலிபோர்னியாவின் சாந்தா குரூஸில் பீற்சா ஹட் இணையத்தால் ஓடர் எடுத்தது.

சின்னக் கடைக்காரருக்கு அப்போது கிடைத்தது 1994 இல் தொடங்கிய ஜியோசிற்றிஸ் போன்ற இலவச இடங்கள். 1999 இல் யாகூ அதை வாங்கியது, 2009 ஒக்ரோபரில் மூடியது. யப்பானில் மட்டும் 2019 வரை இருந்தது. இன்னொரு பக்கம் பிளாஷ் மோகம். ரெஸ்ரோரண்ட் பக்கத்தைத் திறந்தால் முதலில் பாட்டு, பிறகு ஆடுகிற படம், சாப்பாட்டு விலை கடைசியில்! 2007 இல் வந்த ஐபோனில் பிளாஷ் ஓடவில்லை. 2020 முடிவோடு அடோபியும் அதைக் கைவிட்டது.

சரி, என் கதைக்கு வருகிறேன். கம்பஸில் இரண்டு வருடம் படித்தவன் என்று கேள்விப்பட்டு, முதலாளி கடைக்குப் பக்கம் செய்யச் சொன்னார். நானும் மெழுகுதிரி எரிகிற படம், பாட்டு எல்லாம் போட்டேன். அவருக்குச் சரியான சந்தோசம். பிறகு கடை திங்கட்கிழமைகளில் பூட்டத் தொடங்கியது. நான் பக்கத்தில் மாற்ற மறந்துபோனேன்.

ஒரு திங்கள் இரவு பிறந்தநாள் கொண்டாட வந்த ஒரு குடும்பம், பூட்டிய கதவுக்கு முன்னால் மழையில் நின்றுவிட்டுப் போயிருக்கிறது. அடுத்த நாள் ரெலிபோனில் சொன்னார்கள். வேலை போகப்போகிறதென்றே நினைத்தேன். முதலாளி ஏசவில்லை. வாசலில் இருக்கிற கரும்பலகையைக் காட்டி, "இதை ஒவ்வொரு நாளும் அழிச்சு எழுதிறாய், அதை ஏன் விட்டனி?" என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால் பரவாயில்லை.

அன்றிரவே பாட்டையும் மெழுகுதிரியையும் தூக்கினேன். விலாசம், ரெலிபோன் இலக்கம், திறக்கிற நேரம் மூன்றும் மேலே வந்தன. படமாகப் போட்டிருந்த சாப்பாட்டுப் பட்டியலை எழுத்தாக அடித்தேன். பிறகு கடைக்கென்று சொந்தப் பெயர் ஒன்றை முதலாளியின் பெயரிலேயே பதிந்தோம். என்னுடைய பெயரில் இருந்தால் நான் போகும்போது அதுவும் போய்விடும்தானே. கரும்பலகை மாறுகிற அன்றே பக்கமும் மாறவேண்டும் என்று ஒரு கட்டளையும் எனக்கு நானே போட்டுக்கொண்டேன்.

சேர்ண் 2013 இல் அந்த முதற் பக்கத்தைப் பழைய முகவரியிலேயே திரும்ப வைத்தது. ஓய்வு நேரத்தில் என் கைத்தொலைபேசியில் அதைத் திறந்து பார்த்தேன். படமில்லை, பாட்டில்லை, வெறும் எழுத்து. உடனே திறந்தது. ஆடின பக்கங்கள் எல்லாம் செத்துவிட்டன, அது இருக்கிறது.

கடை வைத்திருக்கிற எங்கட ஆக்களே, இன்றைக்கு ஒருக்கால் உங்கள் பக்கத்தைத் திறந்து பாருங்கோ. திறக்கிற நேரம் சரியாக இருக்கோ?