இலவசத் தொலைக்காட்சி வழக்கும் மாநிலச் செலவினத்தின் மீதான நீதிமன்ற ஆய்வும்

மாநில அரசின் செலவுத் திட்டங்களை எதிர்க்கும் அரசமைப்புச் சட்ட வழக்குகள் பலவும் 282-ஆம் உறுப்பில் வந்து முட்டிக்கொள்கின்றன. ஒன்றியமோ மாநிலமோ எந்தப் பொதுநோக்கத்துக்கும் மானியம் வழங்கலாம் என்கிறது அவ்வுறுப்பு. அந்நோக்கம் தன் சட்டமியற்றும் வரம்புக்கு வெளியே இருந்தாலும் தடையில்லை. எது பொதுநோக்கம் என்பதை அது வரையறுக்கவில்லை. அதைத் தீர்மானிப்பது சட்டமன்றமா நீதிமன்றமா என்பதே ‘சுப்ரமணியம் பாலாஜி எதிர் தமிழ்நாடு அரசு’ வழக்கின் மையம்.

2006 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க., வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி இல்லாத குடும்பங்களுக்கு அதை இலவசமாகத் தருவதாக வாக்களித்தது. வென்றபின் அதற்கென நிதிநிலை அறிக்கையில் 750 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. திட்டத்தை எதிர்த்த மனுவை 2007-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. அது முடிவதற்குள் 2011 தேர்தலில் அ.தி.மு.க. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, மடிக்கணினி எனப் பட்டியலை நீட்டி ஆட்சியைப் பிடித்தது. மனுதாரர் அதையும் எதிர்த்தார். ஆட்சி மாறியும் வாதம் மாறவில்லை. ஆகவே இதைக் கட்சிச் சண்டை என்று ஒதுக்க இடமில்லை.

நீதிபதிகள் பி. சதாசிவம், ரஞ்சன் கோகாய் அமர்வு 2013 ஜூலை 5 அன்று தீர்ப்பளித்தது. தேர்தல் அறிக்கை வாக்குறுதி லஞ்சமாகாது, ஏனெனில் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு வேட்பாளரையே குறிக்கிறது, கட்சியை அல்ல என்றது அமர்வு. பொருள்களை வழங்குவது அரசின் நெறிமுறைக் கோட்பாடுகளுக்குள் அடங்கும். நேற்றைய ஆடம்பரம் இன்றைய தேவையாகலாம் என்றும் கூறியது. சட்டமன்றம் நிதி ஒதுக்கச் சட்டத்தின் வழியாக ஒப்புதல் தந்த செலவு அரசமைப்புக்கு விரோதமாகவோ சட்ட மீறலாகவோ இல்லாதவரை, அதன் தகுதியை எடைபோடுவது தன் வேலையல்ல என்பதே அதன் நிலைப்பாடு. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி வளர்ச்சி நிதியை 2010-இல் பீம் சிங் வழக்கில் ஏற்ற ஐவர் அமர்வும் 282-ஆம் உறுப்பை விரிவாகவே வாசித்திருந்தது. இதுவரை தீர்ப்பில் குறைகாண்பது எளிதல்ல. தொலைக்காட்சியைவிடப் பள்ளிக்கூடம் மேல் என்று நீதிபதி கருதலாம். அதற்காக நிதிநிலை அறிக்கையைத் திருத்தி எழுதும் அதிகாரம் அவருக்கு வந்துவிடாது.

தீர்ப்பு தடுமாறுவது 14-ஆம் உறுப்பில்தான். வசதியுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரேபோல் வழங்குவது சமத்துவத்துக்கு எதிரானது என்பது மனுதாரர் வாதம். சமமற்றவர்களைச் சமமாக நடத்தக் கூடாது என்னும் கொள்கை குடிமக்கள்மீது சுமை ஏற்றும் செயலுக்கே பொருந்தும், அரசு வழங்கும் கொடைக்குப் பொருந்தாது என்று நீதிமன்றம் அதைக் கடந்துவிட்டது. ஆனால் 1979-இல் ரமண தயாராம் ஷெட்டி வழக்கில், அரசு தன் கொடைகளை மனம்போனபடி பகிர முடியாது, 14-ஆம் உறுப்பு அங்கும் கட்டுப்படுத்தும் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. அது ஒப்பந்தம் பற்றிய வழக்கு என்று பிரித்துக்காட்டலாம். சுமை, கொடை என்ற பாகுபாட்டுக்கு மட்டும் அதில் ஆதாரம் கிடைக்காது. பயனாளிகளைத் தேர்ந்த விதம் நியாயமானதா என்று ஆராய்ந்து, அதன்பின் திட்டத்தைச் செல்லுபடியாக்கியிருந்தாலும் முடிவு இதுவாகவே இருந்திருக்கக்கூடும். ஆய்வின் வாசல் மட்டும் மூடப்பட்டிருக்காது.

தலைமைக் கணக்குத் தணிக்கையர் முன்கூட்டியே தலையிட வேண்டும் என்ற கோரிக்கையும் நிராகரிக்கப்பட்டது. செலவு நடந்தபின்தான் தணிக்கை என்ற பதிலில் புதிதாக ஒன்றுமில்லை. அதற்குள் பெட்டிகள் வீடு சேர்ந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

மனுதாரர் தோற்றாலும், தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்துக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. 2014-இல் நடத்தை விதிகளில் சேர்க்கப்பட்ட அந்நெறிமுறை, வாக்குறுதிக்கான நியாயத்தையும் பணம் வரும் வழியையும் கட்சிகள் பொதுவாகச் சுட்டவேண்டும் என்கிறது. நடத்தை விதிகளுக்கே சட்டத்தின் பலம் இல்லாததால், மீறும் கட்சிக்குப் பெரிய இழப்பு எதுவுமில்லை.

2022 ஆகஸ்ட் 26 அன்று தலைமை நீதிபதி என்.வி. ரமணா அமர்வு இப்பிரச்சினையை மூவர் அமர்வுக்கு அனுப்பியது. பாலாஜி தீர்ப்பு நெறிமுறைக் கோட்பாடுகளை அடிப்படை உரிமைகளுக்கு மேலாக வைத்துவிட்டது என்பது அப்போது முன்வைக்கப்பட்ட வாதங்களில் ஒன்று. நீதிமன்றத் தலையீட்டின் எல்லை எது, நிறைவேற்றத்தக்க ஆணை எதையும் பிறப்பிக்க முடியுமா, நிபுணர் குழுவால் பயனுண்டா என்ற கேள்விகளும் அவ்வமர்வுக்கு அனுப்பப்பட்டன.