மட்டாஞ்சேரியில் கரையேறிய சொற்கள்

மட்டாஞ்சேரி, கொச்சியில் காயலை ஒட்டிய பழைய வணிகப் பகுதி. மிளகும் இஞ்சியும் ஏலக்காயும் நூற்றாண்டுக் கணக்கில் கைமாறிய இந்தக் கரையில் சொற்களும் கைமாறின. மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ் என்று தெருவுக்குத் தெரு பேச்சு மாறும் ஊர் இது. தமிழ்ச் சொற்பிறப்பில் ஆசை உள்ளவர்கள் மதுரையைப் போலவே இந்த ஊரையும் தேடி வர வேண்டும்.

இங்குள்ள சரக்கு அறையை இன்று 'குடோன்' என்பார்கள். சங்க நூல்களில் 'கிடங்கு' என்றால் கோட்டையைச் சுற்றிய அகழி. பின்னாளில் அது சரக்கு வைக்கும் இடத்துக்குப் பெயரானது. தமிழிலும் தெலுங்கிலும் வழங்கிய அந்தச் சொல் கப்பலேறி மலாய் மொழியில் 'குடாங்' ஆனது. போர்ச்சுகீசியர் வாயில் உருமாறி ஆங்கிலத்துக்குப் போய், 'குடோன்' என்று திரும்பி வந்தது. ஒரே கட்டடத்தை ஒருவர் கிடங்கு என்றும் இன்னொருவர் குடோன் என்றும் சொல்லும்போது, தாயும் ஊர்சுற்றித் திரும்பிய பிள்ளையும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மலையாளிகளிடம் 'பாண்டிகசாலை' என்ற சொல்லும் உண்டு, நம் பண்டகசாலைதான்.

1341-இல் பெரியாற்றில் வந்த வெள்ளத்தால் முசிறித் துறை தூர்ந்து கொச்சி அழிமுகம் திறந்தது என்பது மரபான வரலாறு. சொற்களின் பயணம் அதற்கும் மூத்தது. 'இஞ்சிவேர்' பாலியில் 'சிங்கிவேர', கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்', ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்'. வடமொழியாளர் அதைச் 'சிருங்கவேரம்' ஆக்கி, கொம்பு போன்ற உடலுடையது என்று பொருளும் சொல்லிவிட்டார்கள். மண்ணுக்குள் இருக்கும் வேர் எப்போது கொம்பானது!

1500-இன் கடைசியில் போர்ச்சுகீசிய மாலுமி கப்ராலின் கப்பல்கள் கொச்சிக்கு வந்தன. 1503-இல் போர்ச்சுகீசியர் கோட்டை எழுப்பினர். சாவி, ஜன்னல், அலமாரி, துவாலை, பீப்பாய் எல்லாம் அவர்கள் மொழியிலிருந்து வந்தவை. இவற்றில் மிக அழகான கதை 'ஏலம்' என்ற சொல்லுக்கு உண்டு. விலை கூறி விற்பதற்குப் போர்ச்சுகீசியத்தில் 'லெய்லாவ்'. அறிவித்தல் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. மலையாளம் அதை 'லேலம்' என்று லகரத்தோடு வைத்துக்கொண்டது. சொல்லின் முதலில் லகரத்தை ஏற்காத தமிழ் அதை 'ஏலம்' ஆக்கியது. ஏலக்காய்க்கும் நம்மிடம் ஏலம் என்றே பெயர். ஆகவே ஏலத்தை ஏலம் விட்டார்கள் என்று தமிழன் சொல்லலாம். மலையாளிக்கு அவை இரண்டு சொற்கள்.

'கடுதாசி' இதைவிட மனத்தைத் தொடுவது. கடலில் போகும் கப்பல்கள் போர்ச்சுகீசியரிடம் பணம் கட்டி 'கர்த்தாஸ்' என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் சரக்கும் கப்பலும் பறிபோகும். அந்தச் சொல்லே தமிழில் கடுதாசி ஆனது என்பர். பீரங்கிக்கு அஞ்சி வாங்கிய சீட்டின் பெயரில்தான் பின்னாளில் அம்மாக்கள் பிள்ளைகளுக்கு நலம் விசாரித்து எழுதினார்கள்.

1663-இல் கொச்சி டச்சுக்காரர் கைக்குப் போனது. அவர்களின் தளபதி வான் ரீடு தொகுப்பித்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சானது. மலையாளக் கரையின் செடிகொடிகளைப் பற்றிய நூல். ஒவ்வொன்றுக்கும் உள்ளூர்ப் பெயரைப் பதிந்து வைத்தது. பெயர்களைச் சொன்னவர்களில் தலையானவர் சேர்த்தலைப் பக்கம் கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி வைத்தியர் மூவரும் துணைநின்றனர். அச்சுதன் 1675 ஏப்ரலில் கொடுத்த சான்று, வட்டெழுத்தின் வழிவந்த கோலெழுத்தில் அந்நூலிலேயே அச்சாகியிருக்கிறது. அவருடைய மலையாளத்தைக் கொச்சியில் பிறந்த துபாசி இம்மானுவேல் கர்னெய்ரோ போர்ச்சுகீசியத்தில் சொல்ல, அது பிறகு இலத்தீனுக்குப் போனது.

இத்தனை வாய் மாறியும் பெயர்கள் சிதையவில்லை. லின்னேயஸ் 1753-இல் உலகச் செடிகளுக்கெல்லாம் பெயர் வைத்தபோது இந்நூலைப் புரட்டினார். 'பவெட்டா' நம் பாவட்டை. 'பசெல்லா' நம் வசலைக்கீரை. ஏலச்செடிக்குப் பின்னர் அமைந்த 'எலட்டேரியா' என்ற பெயர் மலையாளத்து 'ஏலத்தரி', தமிழில் ஏலரிசி. உலகெங்கும் தாவரவியல் மாணவர் வாயில் வருவது ஒரு நாட்டு வைத்தியரின் உச்சரிப்பு.

தமிழருக்குக் கொச்சி இன்னொரு வகையிலும் நெருக்கம். 'கிரிசித்தியானி வணக்கம்' என்னும் தமிழ் நூல் 1579-இல் இங்கேதான் அச்சானது. டச்சுக்காரரால் கொச்சியை இழந்த இயேசு சபையார் வடக்கே அம்பழக்காட்டில் தங்கி, 1679-இல், 16,000-க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட தமிழ்–போர்ச்சுகீசிய அகராதியை வெளியிட்டனர். தொகுத்த அந்தாவ் தெ புரோயென்சா 1666-இலேயே இறந்துவிட்டார். தம் நூலை அச்சில் பார்க்கவில்லை. மக்கள் பேச்சில் புழங்கிய சொற்களையும் அவர் விடாமல் சேர்த்திருந்தார். அந்த அகராதியின் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருந்ததைத் தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் 1954-இல் கண்டெடுத்தார். புரோயென்சா மறைந்து 300 ஆண்டு கழித்து, 1966-இல், கோலாலம்பூரில் அது மறுபடி அச்சேறியது.