பணிநிலை காட்டும் பலகை

ஒரு பணி எவ்வளவில் நிற்கின்றது என்பதை அதனோடு தொடர்புடைய யாவரும் கண்ணாற் கண்டறியுமாறு செய்தல் மிகப் பழைய வழக்காகும். குளத்துத் துருசின் அருகே நாட்டப்பட்ட அளவுகோல் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கின்றதென்பதைக் கமக்காரர் அனைவரும் அதிற் காண்பர். சிறுபோகத்தில் எத்துணை நிலம் விதைக்கலாம் என்பது அந்நீரளவைக் கொண்டே தீர்மானிக்கப்படும். கப்பலுக்கும் இத்தகைய அடையாளம் உண்டு. 1957 இல் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்ட பின்னர், புல்மோட்டைக் கரையின் கருமணலிலிருந்து பிரிக்கப்பட்ட இல்மனைற்று பிறநாடுகளுக்குக் கப்பலேறிற்று. இவ்வாறு சரக்கேற்றும் கப்பல் நீரில் எவ்வளவு தாழ்ந்துள்ளதென்பதை அதன் புறத்தே எழுதப்பட்ட ஆழக்குறிகள் காட்டும். அக்குறிகளைக் கொண்டே ஏறிய சரக்கின் நிறை கணிக்கப்படும். நீரும் மணலும் தம் நிலையைத் தாமே காட்டி நிற்பன.

கணினிக்கு மென்பொருள் ஆக்கும் தொழிலோ இத்தன்மையதன்று. கட்டப்படும் வீட்டின் சுவர் பாதி எழுந்துள்ளதை வழிப்போக்கனும் காண்பான். பாதி எழுதப்பட்ட மென்பொருளை அதனை எழுதுவோரன்றிப் பிறர் காணார். அமெரிக்க அறிஞர் பிறெடெரிக் புறூக்ஸ் 1986 இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், கட்புலனாகாமையை மென்பொருளின் இயல்பான இடர்களுள் ஒன்றாக எண்ணினார். காணப்படாத பணியில் தாமதமும் காணப்படாது. இறுதி நாளிலேயே அது வெளிப்படும். ஆதலின், காணப்படாததைக் காணச்செய்தல் எவ்வாறு என்னும் வினா இத்தொழிலில் முதன்மை பெற்றது.

இவ்வினாவுக்கு விடை தொழிற்சாலைகளிலிருந்து வந்தது. போலந்து நாட்டுப் பொறியியலாளர் கரோல் அடமியெக்கி 1896 இல் வேலைகளின் ஒழுங்கை வரைபடமாகக் காட்டும் முறையொன்றை வகுத்தார். அமெரிக்கரான என்றி கான்ற்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த பட்டை வரைபடம் உலகெங்கும் பரவி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. இவை மேலாளர் பார்வைக்கென வரையப்பட்டவை. யப்பானில் ரொயோற்றா மோட்டார்த் தொழிற்சாலையைச் சேர்ந்த ஓனோ தாயிச்சி வேறொரு வழியைக் கண்டார். 1950களில் அவர் வளர்த்த முறையில், பொருள்களோடு ஓர் அட்டையும் உடன் செல்லும். பின்னுள்ள பிரிவு அட்டையைத் திருப்பி அனுப்பினாலன்றி முன்னுள்ள பிரிவு புதிய பொருளை ஆக்காது. அவ்வட்டையின் பெயர் 'கன்பன்'. யப்பானிய மொழியில் அறிவிப்புப் பலகை என்பது அதன் பொருள். இங்கே பணியின் நிலையைப் பணியாளனே முதலிற் காண்கிறான் என்பது கருதத்தக்கது.

2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூற்றா மாநிலத்திற் கூடிய 17 மென்பொருள் வல்லுநர், 'அஜைல்' எனப்படும் நெகிழ்வு முறையின் கொள்கைகளை வெளியிட்டனர். இயங்கும் மென்பொருளே முன்னேற்றத்தின் முதன்மையான அளவுகோல் என்பது அவற்றுள் ஒன்று. பெரும்பணியைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் எழுதி, 'செய்யவேண்டியவை', 'செய்யப்படுபவை', 'முடிந்தவை' என்னும் நிரல்களில் சுவரிற் பதிக்கும் வழக்கம் இதனோடு பரவிற்று. நாள்தோறும் எஞ்சிய வேலையைக் காட்டும் இறங்குகோட்டு வரைபடமும் உடன் வழங்கலாயிற்று.

பணி கட்புலனாவதால் விளையும் பயனுக்குப் பாரதத்திலேயே சான்று உண்டு. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் உட்பயன்பாட்டு மென்பொருள்களைத் திருத்திவந்த சிறுகுழு ஒன்று ஐதராபாத்தில் இருந்தது. 2004 இல் ஒரு வேண்டுகோள் நிறைவேற ஏறத்தாழ ஐந்து மாதம் சென்றது. டேவிட் அன்டர்சனும் திறாகோசு துமித்திரியுவும் வேலை செல்லும் வழியை ஆராய்ந்தபோது, குழுவின் உழைப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புதிய வேண்டுகோள்களுக்கு மதிப்பீடு எழுதுவதிலேயே கழிந்தமை புலனாயிற்று. மதிப்பீடு கைவிடப்பட்டது, ஒரே காலத்தில் மேற்கொள்ளும் வேலைகளுக்கு வரம்பு கட்டப்பட்டது. ஓராண்டுக்குள் காத்திருப்பு இரு கிழமையளவிற்குக் குறைந்தது. சோம்பல் என்று கருதப்படத்தக்கது உண்மையில் வேலை ஒழுங்கின் பிழையே என்பது இதனாற் பெறப்படும்.

ஈழநாட்டிலும் இதற்கு ஓர் அரிய எடுத்துக்காட்டு உண்டு. 2004 டிசம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை திருகோணமலை மாவட்டத்துக் கரையோரங்களையும் தாக்கிற்று. இலங்கையில் 30,000 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். எந்த முகாமில் எத்தனைபேர் உள்ளனர், எந்நிறுவனம் எவ்விடத்தில் யாது செய்கின்றது, எப்பொருள் எங்கே வேண்டப்படுகின்றது என்பன ஒருங்கே புலப்படாதவிடத்து, ஓரூரில் உதவி குவியவும் பிறிதோரூர் பசித்திருக்கவும் நேரும். இக்குறையை நீக்கக் கொழும்பிலிருந்த மென்பொருள் வல்லுநர் தன்னார்வமாகக் கூடி, சில நாள்களிலேயே 'சகானா' என்னும் மென்பொருளை ஆக்கத் தொடங்கினர். நிவாரணம் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். காணாமற் போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், வேண்டுகோள்கள் என அதன் பகுதிகள் தனித்தனியே எழுந்தன. 2005 இல் பாகிஸ்தானின் நிலநடுக்கத்தின்போதும் 2010 இல் எயிற்றியிலும் சகானா பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநலன் விருதும் அதற்குக் கிடைத்தது.

எனினும், நிலை காட்டும் பலகை தானாக உண்மை பேசுவதன்று. தாமதத்தைக் கூறுவோன் தண்டிக்கப்படும் இடத்தில் அட்டைகள் யாவும் 'முடிந்தவை' நிரலுக்கே செல்லும். பலகை செழித்திருக்கப் பணி வாடும். அன்றியும், எல்லாவற்றையும் எல்லார்க்கும் காட்டுதலும் நன்றன்று. பெற்றோரை இழந்த குழந்தையின் இருப்பிடம் காப்போர்க்கன்றிப் பிறர்க்குத் தெரியலாகாது. ஆகவே, எதனை, யாருக்கு, எதன்பொருட்டுக் காட்டுதல் என்பதே முதலில் ஆராயத்தக்கது.

குளத்து அளவுகோல் கமக்காரனைத் தண்டிக்க நாட்டப்பட்டதன்று. உள்ள நீரைப் பகிர்ந்துகொள்ளவே நாட்டப்பட்டது. நீர் குறைந்ததை மறைப்பதாற் பயிர் பிழையாது. குறைவை விதைப்புக்கு முன்னரே யாவரும் அறிந்தால், விதைக்கும் பரப்பையேனும் சுருக்கிக் கொள்ளலாம். மென்பொருளாக்கப் பலகைக்கும் இவ்வுண்மை பொருந்தும்.