வான் அஞ்சல் உறைகள்: தென் தமிழ்நாடு

வானூர்தியில் பயணம் செய்து, அந்தப் பயணத்துக்கான சான்றைத் தன்மேல் தாங்கியிருக்கும் கடித உறையே வான் அஞ்சல் உறை. சேகரிப்போர் பேச்சில் அது 'ஏர்மெயில் கவர்'. தபால்தலை சேகரிப்பின் ஒரு கிளை என்று இதைச் சொல்வது வழக்கம். ஆனால் இங்கே தபால்தலை ஒரு பகுதிதான். தலை, அதன்மேல் விழுந்த முத்திரை, நீலநிற 'பை ஏர் மெயில்' ஒட்டுச்சீட்டு, அனுப்பியவர் கையால் எழுதிய வழிக்குறிப்பு, பின்பக்கத்தில் வரிசையாக விழுந்த வரவு முத்திரைகள் ஆகிய எல்லாம் சேர்ந்ததுதான் சேகரிப்புப் பொருள். தலையை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டால் அது எந்த நாளில் எந்த வழியில் எவ்வளவு வேகத்தில் வந்தது என்பதற்கான ஆதாரம் முழுவதும் போய்விடும்.

அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியும் திருச்சுழிப் பக்கத்து ஊர்களும் வானம் பார்த்த பூமி. 1930களின் அஞ்சல் விமானப் பாதை எதிலும் இந்த வட்டாரம் ஒரு நிறுத்தமாக இருந்ததில்லை. இருந்தும் பழைய இராமநாதபுரம் ஜில்லாவின் முகவரி எழுதிய வான் அஞ்சல் உறைகள் உலகச் சேகரிப்பாளர்களிடையே நன்கு அறியப்பட்டவை. காரணம், இந்த ஜில்லாவிலிருந்து இலங்கை, பர்மா, மலாயா, சைகோன் என்று கடல் கடந்து போனவர்கள் ஏராளம். அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் பாதி வழி வானிலும் மீதி வழி ரயிலிலும் வண்டியிலும் தபால்காரர் பையிலும் வந்து சேர்ந்தன. தென்னாட்டு உறைகளை மற்றவற்றிலிருந்து பிரித்துக்காட்டுவது இந்தக் கலப்புப் பயணமே.

முதல் பறப்பு

அரசு அனுமதியோடு வானூர்தியில் அஞ்சல் கொண்டுசென்ற முதல் நிகழ்வு உலகிலேயே இந்தியாவில்தான் நடந்தது. 1911 பிப்ரவரி 18 அன்று, அலகாபாத்தில் நடந்த ஐக்கிய மாகாணக் கண்காட்சித் திடலிலிருந்து ஹென்றி பெக்கே என்ற 23 வயதுப் பிரெஞ்சு விமானி, ஹம்பர் நிறுவனத்தின் இரட்டை இறக்கை விமானத்தில் கிளம்பி யமுனையைக் கடந்து நைனியில் இறங்கினார். தூரம் ஏறத்தாழ 10 கி.மீ.; பறந்த நேரம் 13 நிமிடம். விமானத்தில் ஏறத்தாழ 6,500 கடிதங்களும் அட்டைகளும் இருந்தன. நைனியிலிருந்து அவை வழக்கம்போல் ரயில் ஏறின.

ஏற்பாட்டாளர் வால்டர் விண்ட்ஹாம், கண்காட்சியில் பறந்து காட்டுவதற்காக விமானங்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர். ஆக்ஸ்போர்டு - கேம்பிரிட்ஜ் விடுதி என்ற மாணவர் விடுதிக்கு நிதி திரட்டுவதற்காகக் கடிதம் ஒன்றுக்கு 6 அணா தனிக் கட்டணம் வாங்கப்பட்டது. விமானமும் மலைகளும் பொறித்த தனி முத்திரை இந்த ஒரு நிகழ்ச்சிக்காகவே செய்யப்பட்டுக் கருஞ்சிவப்பு மையில் அடிக்கப்பட்டது. பெக்கே கையொப்பமிட்ட அட்டைகள் மிகச் சிலவே. ஏலங்களில் பெரிய விலை போகிறவை அவைதான். அதே ஆண்டு செப்டம்பரில் லண்டனுக்கு அருகே ஹெண்டனிலிருந்து விண்ட்சருக்குப் பறந்த முடிசூட்டு விழா அஞ்சலையும் விண்ட்ஹாமே முன்னின்று நடத்தினார்.

சென்னைக்கு விமானம் புதிதல்ல. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டாஞ்செலிஸ் 1910லேயே, சிம்சன் பட்டறையில் செய்த விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். ஆனால் அதில் அஞ்சல் ஏறவில்லை. ஆகவே சேகரிப்பாளர் கணக்கில் தென்னாடு நுழைய இன்னும் 22 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

கராச்சி வரை வந்த வானம்

1920 ஜனவரியில் பம்பாய்க்கும் கராச்சிக்கும் இடையே விமானப்படை விமானங்கள் சில வாரங்கள் அஞ்சல் சுமந்தன, அது நிலைக்கவில்லை. நிலைத்தது 1929 மார்ச் 30 அன்று லண்டன் குராய்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் தொடங்கிய வாராந்தரச் சேவை. அதையும் முழு வான்வழி என்று சொல்ல முடியாது. லண்டனிலிருந்து சுவிட்சர்லாந்தின் பாசெல் வரை விமானம், அங்கிருந்து ஜெனோவா வரை ரயில், மத்தியதரைக்கடல் மேல் கடல்விமானம், எகிப்திலிருந்து கராச்சிக்கு மூன்று எஞ்சின் ஹெர்குலிஸ் விமானம் என்று மாறி மாறி ஒரு வாரத்தில் வந்தது. கப்பலில் வந்தால் பம்பாய் சேரவே ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும்.

அதே ஆண்டு அக்டோபரில் இந்திய அரசு 2 அணா முதல் 12 அணா வரை ஆறு வான் அஞ்சல் தலைகளை வெளியிட்டது. ஹெர்குலிஸ் விமானம் மரங்களுக்கு மேலே பறப்பதுதான் ஆறிலும் உள்ள படம். ஐந்தாம் ஜார்ஜ் தலையும் விமானமும் சேர்ந்த இந்தத் தலைகள் தனியாக எளிதில் கிடைக்கும். தென்னிந்தியச் சிற்றூர் ஒன்றின் முத்திரையோடு, பயன்பட்ட உறையின் மேல் கிடைப்பது அரிது.

1929க்கும் 1932க்கும் இடைப்பட்ட சென்னை உறைகளைப் படிக்கத் தனிப் பழக்கம் வேண்டும். அனுப்பியவர் முகப்பில் 'கராச்சி - லண்டன் விமானத்தில்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். சென்னையிலிருந்து கராச்சி வரை கடிதம் ரயிலில்தான் போனது. எந்தப் பகுதிக்கு விமானக் கட்டணம் கட்டினோம் என்பதைச் சொல்வதற்கே அந்தக் குறிப்பு. விமானப் பகுதி முடிந்ததும் ஒட்டுச்சீட்டின்மேல் கோடு அடித்து ரத்து செய்வதும் உண்டு. புதிதாகச் சேகரிப்பவர் இந்தக் கோட்டை அழுக்கு என்று நினைத்து உறையை ஒதுக்கிவிடுகிறார். விமானம் எங்கே முடிந்து ரயில் எங்கே தொடங்கியது என்று சொல்வதே அந்தக் கோடுதான்.

1932: சென்னைக்கு வந்த முதல் பை

1932 அக்டோபர் 15 காலை கராச்சி ட்ரிக் ரோடு விமானத் திடலிலிருந்து ஜே.ஆர்.டி. டாடா ஒற்றை எஞ்சின் புஸ் மாத் விமானத்தில் கிளம்பினார். லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் கொண்டுவந்த அஞ்சல் அவரிடம் இருந்தது. எடை ஏறத்தாழ 25 கிலோ. அகமதாபாத்தில் இறங்கிப் பெட்ரோல் நிரப்பிக்கொண்டார். பெட்ரோல் டின்கள் அங்கே மாட்டு வண்டியில் வந்தன. பிற்பகல் பம்பாய் ஜுஹு கடற்கரைத் திடலில் இறங்கியபோது அவர் கூட்டாளி நெவில் வின்சென்ட் இன்னொரு புஸ் மாத்துடன் காத்திருந்தார். சென்னைப் பையை ஏற்றிக்கொண்டு பறந்த வின்சென்ட் அன்றிரவு பெல்லாரியில் தங்கி, மறுநாள் அக்டோபர் 16 அன்று சென்னை வந்து சேர்ந்தார். இரவில் பறக்க வசதி இல்லை. வழிகாட்டும் கருவியோ வானொலியோ கிடையாது. மழைக்காலத்தில் ஜுஹு சேறாகிவிடும் என்பதால் அந்த மாதங்களில் புனே திடலைப் பயன்படுத்தினார்கள்.

வின்சென்ட்டின் பங்கு போதிய அளவு பேசப்படுவதில்லை என்பதே என் எண்ணம். பாதை யோசனையோடு டாடா நிறுவனத்தை அணுகியவர் இந்த முன்னாள் விமானப்படை வீரர்தான். சென்னையில் முதல் வான் அஞ்சல் பையை இறக்கியவரும் அவரே. 1942இல் இங்கிலாந்திலிருந்து திரும்பும் வழியில் அவர் ஏறிய போர் விமானம் காணாமல் போனது.

இந்த முதல் பறப்பின் உறைகளில் இரு வகை உண்டு. நினைவுக்காகச் சேகரிப்பாளர்கள் தமக்குத் தாமே அனுப்பிக்கொண்ட உறைகள் ஒரு வகை; இவை அழகாக, மடிப்பில்லாமல், நடுவே முத்திரை விழுந்தபடி இருக்கும். வங்கியும் வணிகரும் உறவினரும் உண்மையிலேயே அனுப்பிய கடிதங்கள் மற்றொரு வகை. கிழிந்த ஓரமும் கறையும் இருந்தாலும் இரண்டாம் வகைதான் அஞ்சல் வரலாற்றுக்கு அதிகம் உதவும். எந்த ஊர்க்காரர் கூடுதல் அணா கொடுத்து விமானத்தில் அனுப்பும் அளவுக்கு அவசரப்பட்டார் என்பதை அது காட்டுகிறது.

தெற்கே நீண்ட பாதை

1935 அக்டோபர் இறுதியில் டாடா விமானம் பம்பாயிலிருந்து கோவா, கண்ணனூர் வழியாகத் திருவனந்தபுரம் வந்தது. அடுத்த மாதமே இலங்கையில் ரத்மலானை விமானத் திடல் திறந்தது. 1935 நவம்பர் 27 அன்று அங்கே முதலில் இறங்கியது சென்னை பிளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் டின்டேல்-பிஸ்கோ ஓட்டிச்சென்ற புஸ் மாத்.

தென் மாவட்டங்களுக்கு முக்கியமான நாள் 1938 பிப்ரவரி 28. பிரிட்டிஷ் பேரரசுக்குள் போகும் கடிதங்களை, தனி விமானக் கட்டணம் இல்லாமல் பொதுக் கட்டணத்திலேயே வான்வழி அனுப்பும் திட்டம் அன்று இந்தியா, பர்மா, இலங்கை, மலாயாவுக்கு விரிவானது. அதையொட்டி டாடாவின் கராச்சி - சென்னைப் பாதை திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. அதுவரை இலங்கைத் தபால் என்றால் போட் மெயில்தான்: மானாமதுரை, இராமநாதபுரம் வழியாகத் தனுஷ்கோடி, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1914 முதல் ஓடிய அந்த வழி அப்போதும் நிற்கவில்லை. கொழும்பு - திருச்சி வழி பறந்த உறையையும் தனுஷ்கோடி வழி வந்த உறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முகப்புத் தேதியையும் பின்பக்கத் தேதியையும் ஒப்பிட்டால் இரண்டு வழிகளின் வேகமும் கண்ணெதிரே தெரியும். விமானம் வந்தும் உள்ளூர்த் தாமதம் குறையாத ஊர்களை அடையாளம் காண இதைவிட நல்ல வழி இல்லை.

அப்போது புழக்கத்தில் இருந்த ஆறாம் ஜார்ஜ் தலைகளே அஞ்சலின் பயணத்தைப் படமாக்கியவை. 1937இல் வெளிவந்த அந்த வரிசையில் 2 அணாவில் தபால் ஓட்டக்காரர், 2½ அணாவில் மாட்டு வண்டி, 3 அணாவில் குதிரை வண்டி, 3½ அணாவில் ஒட்டகம், 4 அணாவில் ரயில், 6 அணாவில் கப்பல், 8 அணாவில் லாரி, 12 அணாவில் விமானம். வானூர்தியில் வந்த உறைமேல் மாட்டு வண்டித் தலை ஒட்டியிருப்பது பொருத்தமின்மை அல்ல. கரிசல் காட்டு ஊர்களுக்கு அஞ்சல் அந்த இரண்டையும் நம்பித்தான் வந்தது.

செட்டியார் உறைகள்

பர்மா, மலாயா, இந்தோசீனா அஞ்சல் வரலாற்றைச் சேகரிக்கும் வெளிநாட்டார் எல்லாருக்கும் 'செட்டியார் கவர்' என்ற பெயர் தெரியும். ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், சைகோன், கொழும்பு ஆகிய இடங்களில் வட்டிக்கடை நடத்திய, நகரத்தார் எனப்படும் செட்டியார்கள், காரைக்குடி, தேவகோட்டை முதலிய தம் ஊர்களுக்கு அனுப்பிய வணிகக் கடிதங்கள் இவை. கணக்கை ஒழுங்காக வைக்கும் வழக்கத்தால் கடிதங்களை உறையோடு பாதுகாத்தார்கள். கம்பியில் குத்திவைத்ததால் பல உறைகளில் ஒரு துளை இருக்கும். அந்தத் துளைக்காக விலையைக் குறைக்கிறார்கள். உண்மையில் அது உறை எங்கே எப்படி இருந்தது என்பதற்கான கையெழுத்து மாதிரி.

1931 ஜனவரியில் ஏர் ஓரியன் என்ற பிரெஞ்சு நிறுவனம் மார்செய் - சைகோன் சேவையைத் தொடங்கியது; அதன் பாதை கராச்சி, அலகாபாத், கல்கத்தா, ரங்கூன் வழியாகப் போனது. 1933இல் இம்பீரியல் ஏர்வேஸ் பாதை கல்கத்தாவிலிருந்து ரங்கூனுக்கும் பிறகு சிங்கப்பூருக்கும் நீண்டது. ரங்கூனில் விமானம் ஏறிய கடிதம் கல்கத்தா வரை பறந்துவிட்டுச் சென்னைக்கு ரயிலில் வரும். ரங்கூனிலிருந்து சென்னைக்கு நேர்க் கப்பலும் இருந்ததால், எது முந்தும் என்று அனுப்புகிறவர் நாள் பார்த்துக் கணக்குப் போட வேண்டியிருந்தது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் வசமானதும் இந்தத் தபால் அறுந்தது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளின் உறைகளில் தணிக்கை அதிகாரி பிரித்து ஒட்டிய சீட்டுகள் இருக்கும். இத்தாலி 1940 ஜூனில் போரில் இறங்கியதால் மத்தியதரைக்கடல் வழி மூடியது. டர்பனிலிருந்து கெய்ரோ, கராச்சி, கல்கத்தா, சிங்கப்பூர் வழியாகச் சிட்னி வரை லாட வடிவில் சுற்றிய பாதையில் அஞ்சல் போனது. அந்தக் கால உறைகளில் இரண்டு மாதத் தாமதம் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

விபத்தில் தப்பிய உறைகள்

1929 அக்டோபரில் இந்திய அஞ்சலோடு வந்த 'சிட்டி ஆஃப் ரோம்' கடல்விமானம் இத்தாலியக் கரைக்கு அப்பால் மூழ்கியது. விமானத்தில் இருந்த 7 பேரும் இறந்தனர். 1935 கடைசி நாளில் அலெக்சாந்திரியாவுக்கு அருகே 'சிட்டி ஆஃப் கார்ட்டூம்' விழுந்தது. 12 பேர் இறந்தனர், விமானி மட்டும் பிழைத்தார். கடலிலிருந்து மீட்ட உறைகளில் தலைகள் கரைந்து விழுந்திருக்கும்; சேதத்தின் காரணம் சொல்லும் முத்திரை அடித்து அவற்றை உரியவரிடம் சேர்த்தார்கள். 1948 ஜூன் 8 அன்று பம்பாய் - லண்டன் சேவையைத் தொடங்கிய ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' 1950 நவம்பர் 3 அன்று மோன் பிளாங் மலையில் மோதியது. 48 பேர் மடிந்தனர். பனியாற்றிலிருந்து அதன் கடிதங்கள் பல பத்தாண்டுகள் கழித்தும் வெளிவந்தன. இவ்வகை உறைகளை வாங்கி விற்கும்போது அவற்றின் பின்னே உயிரிழப்பு இருப்பதை மறக்காதிருப்பது மரியாதை.

சுவடில்லாத விமானம்

1949 ஜனவரி இறுதியில், ரஃபி அகமது கித்வாய் தகவல்தொடர்பு அமைச்சராக இருந்தபோது, இரவு வான் அஞ்சல் தொடங்கியது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நான்கிலிருந்தும் கிளம்பிய டகோட்டா விமானங்கள் நள்ளிரவில் நாக்பூரில் சந்தித்துப் பைகளை மாற்றிக்கொண்டு விடியுமுன் திரும்பின. அதே ஆண்டு ஏப்ரல் முதல் உள்நாட்டுக் கடிதங்கள் கூடுதல் கட்டணம் இல்லாமலே விமானத்தில் ஏறின. பாளையம்பட்டியில் பெட்டியில் போட்ட டெல்லிக் கடிதமும் இதன்பின் சென்னையிலிருந்து பறக்க முடிந்தது. ஆனால் அதன்மேல் நீலச் சீட்டும் இல்லை, வழிக்குறிப்பும் இல்லை. உள்நாட்டு உறைகளில் பறப்பை நிறுவ இரு முத்திரைகளின் தேதியும் நேரமும் மட்டுமே மிஞ்சின.

சேகரித்தலும் காத்தலும்

உறையை வாங்குமுன் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். முகப்பு முத்திரை, வழியில் ஆர்.எம்.எஸ். (ரயில் அஞ்சல் சேவை) முத்திரை, பட்டுவாடா அஞ்சலக முத்திரை ஆகிய மூன்றின் தேதிகளும் அறியப்பட்ட விமான அட்டவணையோடு ஒத்துப்போனால் உறை நம்பத்தக்கது. பழைய கப்பல் தபால் உறையில் பின்னாளில் நீலச் சீட்டை ஒட்டி விற்பது நடக்கிறது. சீட்டின் ஓரத்தில் முத்திரை மை ஏறி நிற்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் பிடிபடும்.

அருப்புக்கோட்டை வட்டாரத்தின் வறண்ட காற்று தாளுக்குக் கடற்கரை ஈரத்தைவிட நல்லது. ஆனால் கரையானும் இராமபாணப் பூச்சியும் இங்கே உண்டு; ஓட்டு வீட்டுப் பரணின் கோடை வெக்கையில் தாள் பழுத்து நொறுங்கும். இரும்புப் பெட்டியில் துணிகளோடு கிடக்கும் உறைகளைத் தனியே எடுத்து, அமிலமில்லாத தாளிலோ பாலியெஸ்டர் உறையிலோ வைக்க வேண்டும். மலிவான பி.வி.சி. பிளாஸ்டிக் மையை உறிஞ்சும். செலோ டேப் ஒட்டினால் சில ஆண்டுகளில் நீங்காத பழுப்புக் கறை. ரப்பர் பேண்டு உருகிப் பிடித்துக்கொள்ளும். உள்ளே கடிதம் இருந்தால் அதைப் பிரிக்காமல் உறையோடே சேர்த்து வைக்க வேண்டும். உறையின் பின்பக்கம் சொல்லாததைப் பல நேரம் கடிதத்தின் முதல் வரித் தேதி சொல்லிவிடும். ஐயம் தீர்த்துக்கொள்ள விரும்புவோருக்குச் சென்னையில் 1956 முதல் இயங்கிவரும் தென்னிந்தியத் தபால்தலை சேகரிப்போர் சங்கமும், அஞ்சல்துறை நடத்தும் மாநிலத் தபால்தலைக் கண்காட்சிகளும் உள்ளன.