நீதிபதியும் தத்துவம் படித்தவர்தான்

மார்க்கஸ் அவ்ரேலியஸை இன்று நிறைய பேர் படிக்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் தினமும் யாராவது ஒருவர் அவர் சொன்ன ஒன்றை மலை, கடல் படத்தின் மேல் ஒட்டிப் போடுகிறார். ரோமப் பேரரசை 161 முதல் 180 வரை ஆண்டவர் தனக்காக எழுதிவைத்துக்கொண்ட குறிப்புகள்தான் 'தியானங்கள்' என்ற அந்தப் புத்தகம். அதன் முதல் பகுதி முழுக்க நன்றிப் பட்டியல். தாத்தாவிடம் இதைக் கற்றேன், அம்மாவிடம் அதைக் கற்றேன் என்று போகும். அதில் ரஸ்டிகஸ் என்று ஒரு ஆசிரியர் வருகிறார். மேலோட்டமாகப் படித்துவிட்டுத் திருப்தியடையக் கூடாது என்பதை அவரிடம்தான் கற்றதாக மார்க்கஸ் சொல்கிறார். வாய்ச்சாலாக்காகப் பேசுகிறவனுக்கு அவசரப்பட்டுத் தலையாட்டாதே, கோபித்துக்கொண்டவன் திரும்பி வந்தால் உடனே சமாதானமாகு என்பதெல்லாமும் அவர் கொடுத்த பாடம். எல்லாவற்றுக்கும் மேல், எபிக்டெடஸின் உரைகளைத் தன் சொந்தப் பிரதியிலிருந்து படிக்கக் கொடுத்தவர் அவர். ஒரு நல்ல வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேண்டுமா?

அந்த ரஸ்டிகஸ்தான் சுமார் 165ஆம் ஆண்டில், ரோம் நகரத்தின் தலைமை நிர்வாகியாக நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்து, ஜஸ்டின் என்ற தத்துவ ஆசிரியருக்கும் அவரோடு நின்ற ஆறு பேருக்கும் மரண தண்டனை விதித்தார்.

ஆதி கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்ட கதை என்றாலே நமக்குச் சினிமா ஒன்று மனசுக்குள் ஓட ஆரம்பித்துவிடும். அரங்கம், சிங்கம், கூச்சலிடும் கூட்டம், நடுவில் ஒரு பைத்தியக்கார மன்னன். அப்படிப்பட்ட கொலைகளும் நடந்தன. ஆனால் என்னை அதிகம் தொந்தரவு செய்வது ஜஸ்டினின் வழக்குதான். இதில் பைத்தியக்காரன் யாருமே இல்லை. மன்னன் நல்லவன், நீதிபதி படித்தவர், குற்றவாளியும் படித்தவர். மூன்று பேருமே தத்துவத்தைத் தங்கள் வாழ்க்கையாக நினைத்தவர்கள்.

ஜஸ்டின் சுமார் 100ஆம் ஆண்டில், சமாரியாவில் உள்ள ஃபிளாவியா நியாபோலிஸ் நகரத்தில் பிறந்தார். இன்றைய பாலஸ்தீனத்தின் நாப்லஸ். யூதக் குடும்பமும் இல்லை, கிறிஸ்தவக் குடும்பமும் இல்லை. உண்மையைத் தேடி ஆசிரியர் ஆசிரியராக அலைந்த கதையை அவரே எழுதியிருக்கிறார். முதலில் ஒரு ஸ்டோயிக்கிடம் போனார். அவருக்குக் கடவுளைப் பற்றி எதுவும் தெரியவில்லை, தெரிந்துகொள்வது அவசியம் என்றும் அவர் நினைக்கவில்லை. அடுத்து அரிஸ்டாட்டில் வழி வந்த ஒருவர். சில நாளிலேயே ஃபீஸ் பேச்சை எடுத்துவிட்டார். இவரெல்லாம் ஒரு தத்துவவாதியா என்று ஜஸ்டின் கிளம்பிவிட்டார். பித்தகோரஸ் வழி வந்தவரோ, இசை தெரியுமா, வானியல் தெரியுமா, வடிவியல் தெரியுமா, அதையெல்லாம் முடித்துவிட்டு வா என்றார். கடைசியில் பிளேட்டோவின் சீடர்களிடம் மனசு நின்றது. அப்போதுதான் கடற்கரையோரம் தனியாக நடந்தபோது ஒரு கிழவரைச் சந்தித்ததாகவும், அவரோடு நடந்த வாதத்தில் தான் மாறியதாகவும் சொல்கிறார். இது நடந்ததா அல்லது எழுத்து உத்தியா என்று அறிஞர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்து அவர் செய்தது. கிறிஸ்தவரான பிறகும் தத்துவவாதிகள் அணியும் மேலங்கியை அவர் கழற்றவே இல்லை.

ரோமில் ஒரு குளியல் கூடத்துக்கு மேலே குடியிருந்துகொண்டு, வருகிறவர்களுக்குப் பாடம் சொன்னார். சுமார் 155ஆம் ஆண்டில் பேரரசர் அன்டோனினஸ் பயஸுக்கு ஒரு நீண்ட முறையீடு எழுதினார். அந்தப் பேரரசரின் தத்துப் பிள்ளையான மார்க்கஸையும் பெயர் சொல்லி, தத்துவவாதி என்றே அதில் விளித்தார். அதாவது, நீங்களும் நம்ம ஆள்தானே என்ற தொனி. அந்த முறையீட்டின் மையக் கேள்வி ரொம்ப எளிமையானது. ஒரு பெயருக்காக ஒருவனைக் கொல்லலாமா? அவன் என்ன செய்தான் என்று விசாரியுங்கள். தப்பு செய்திருந்தால் தண்டியுங்கள். 'கிறிஸ்தவன்' என்ற சொல்லை மட்டுமே குற்றமாக்காதீர்கள்.

சட்டம் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. சுமார் 112ஆம் ஆண்டில், இன்றைய துருக்கியின் வடபகுதியில் ஆளுநராக இருந்த இளைய பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தக் கிறிஸ்தவர்களை என்ன செய்வது? விடியலுக்கு முன்னால் கூடுகிறார்கள், கிறிஸ்துவைப் பாடுகிறார்கள், திருட மாட்டோம், ஏமாற்ற மாட்டோம் என்று சத்தியம் செய்கிறார்கள். இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்தும் மூடநம்பிக்கையைத் தவிர எதையும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. இருந்தாலும் மூன்று முறை கேட்டும் விட்டுக்கொடுக்காதவர்களைக் கொல்ல அனுப்பினேன் என்கிறார். அவர்கள் ஒப்புக்கொள்வது எதுவாக இருந்தாலும், அந்தப் பிடிவாதத்துக்கே தண்டனை கொடுக்கலாம் என்பது அவர் வாதம்.

டிராஜனின் பதில் சுருக்கமானது. அவர்களைத் தேடிப் போகாதே. யாராவது புகார் கொடுத்து நிரூபணமானால் தண்டனை கொடு. இல்லை என்று சொல்லி நம் தெய்வங்களை வணங்கினால் விட்டுவிடு. மொட்டைக் கடிதாசியை ஏற்காதே. கேட்பதற்கு நிதானமாகத்தான் இருக்கிறது. ஆனால் கார்த்தேஜைச் சேர்ந்த டெர்டுல்லியன் பின்னாளில் இதைக் கிழித்துத் தொங்கவிட்டார். குற்றவாளி என்றால் ஏன் தேடவில்லை? நிரபராதி என்றால் ஏன் தண்டிக்கிறாய்? உலகத்தில் எந்தக் குற்றத்துக்காவது, 'நான் செய்யவில்லை' என்று சொன்னவுடனே விடுதலை உண்டா?

இந்த விசித்திரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. ரோமர்களுக்கு மதம் என்பது நீ மனசுக்குள் என்ன நம்புகிறாய் என்ற விஷயம் இல்லை. நெருப்பில் ஒரு சிட்டிகை சாம்பிராணி போடுகிறாயா என்பதுதான் கேள்வி. அதைப் போட்டால் தெய்வங்கள் ஊரைக் காக்கும். மறுக்கிறவன் ஊரையே ஆபத்தில் தள்ளுகிறான். அதனால்தான் கிறிஸ்தவர்களை அவர்கள் நாத்திகர்கள் என்றே அழைத்தார்கள். ஜஸ்டின் அந்தப் பட்டத்தை மறுக்கவில்லை. உங்கள் தெய்வங்களைப் பொறுத்தவரை நாங்கள் நாத்திகர்கள்தான் என்று ஒப்புக்கொண்டார். சாக்ரடீஸையும் இதைச் சொல்லித்தானே கொன்றார்கள் என்றும் நினைவூட்டினார்.

தன்னைச் சிக்கவைக்கப்போவது கிரெசன்ஸ் என்ற சினிக் தத்துவவாதிதான் என்று அவர் முன்பே எழுதிவைத்திருந்தார். பொது இடத்தில் இருவரும் வாதம் செய்தார்கள், கிரெசன்ஸுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அம்பலப்படுத்திவிட்டதாக ஜஸ்டினே சொல்கிறார். புகார் கொடுத்தது அவர்தானா என்பதை விசாரணைக் குறிப்பு சொல்லவில்லை. ஆனால் பேரரசு தேடி வராத காலத்தில், ஒருவர் மாட்டுவதற்குப் பக்கத்தில் ஒரு எதிரி இருந்தாலே போதும்.

அந்த விசாரணைக் குறிப்பு மூன்று வடிவங்களில் கிடைக்கிறது. சின்னதுதான் பழையது என்பது பொதுவான கருத்து. படிக்கச் சில நிமிடம்தான் ஆகும். அதில் வர்ணனை இல்லை, அற்புதம் இல்லை. கேள்வி, பதில், கேள்வி, பதில். எந்தக் கொள்கையைப் பின்பற்றுகிறாய் என்று ரஸ்டிகஸ் கேட்கிறார். எல்லாக் கொள்கைகளையும் கற்றுப் பார்த்தேன், உண்மையானதில் நின்றுவிட்டேன் என்கிறார் ஜஸ்டின். எங்கே கூடுகிறீர்கள்? அவரவர் விரும்புகிற, முடிகிற இடத்தில். பிறகு மற்றவர்கள் முறை. காரிட்டன், காரிட்டோ என்ற பெண், யூவெல்பிஸ்டஸ், ஹியராக்ஸ், பேயான், லிபேரியன். இவர் உங்களைக் கிறிஸ்தவர் ஆக்கினாரா என்று ரஸ்டிகஸ் துருவுகிறார். அந்தக் கேள்விக்குள் ஒரு கயிறு இருக்கிறது. ஆமாம் என்றால் வாத்தியார் கழுத்தில் சுருக்கு இறுகும். கப்படோக்கியாவிலிருந்து வந்த யூவெல்பிஸ்டஸ், ஜஸ்டினின் பேச்சை ஆசையோடு கேட்டதுண்டு, ஆனால் இந்த நம்பிக்கை அப்பா அம்மாவிடமிருந்து வந்தது என்கிறார். சாவு நிச்சயம் என்று தெரிந்த பிறகும் ஒரு மாணவன் தன் ஆசிரியரைக் காப்பாற்றப் பார்க்கிறான். எனக்கு அந்த இடத்தைத் தாண்டிப் போகவே கொஞ்ச நேரம் ஆகும்.

கடைசியில் ரஸ்டிகஸ் ஜஸ்டினிடம் திரும்புகிறார். படித்தவன் என்று சொல்கிறார்களே, சாட்டையடி வாங்கித் தலை போனால் வானத்துக்கு ஏறிப் போவோம் என்றா நினைக்கிறாய்? நினைக்கவில்லை, உறுதியாக நம்புகிறேன் என்பது பதில். தெய்வங்களுக்குப் பலியிட மறுத்தவர்களைச் சாட்டையால் அடித்துச் சட்டப்படி கொல்லுங்கள் என்று தீர்ப்பு வந்தது. வழக்கு முடிந்தது.

இப்போது ரஸ்டிகஸின் குடும்பக் கதைக்கு வருவோம். இவருக்கு முந்தைய தலைமுறையில் அருலேனஸ் ரஸ்டிகஸ் என்று ஒருவர் இருந்தார். அவரும் ஸ்டோயிக். கொடுங்கோல் மன்னன் ஒருவனை எதிர்த்துச் செத்த திராசியா என்பவரைப் புகழ்ந்து எழுதினார் என்பதற்காக, 93ஆம் ஆண்டில் பேரரசர் டொமிஷியன் அவரைக் கொன்றான். அவர் புத்தகத்தை ரோமின் மன்றத்தில் வைத்துக் கொளுத்தினார்கள். அதே சமயத்தில் தத்துவவாதிகளை ரோமை விட்டே துரத்தினார்கள். அப்படித் துரத்தப்பட்டவர்களில் ஒருவர்தான் முன்பு அடிமையாக இருந்த எபிக்டெடஸ். ஆமாம், ரஸ்டிகஸ் தன் மாணவனுக்குப் பிரதி கொடுத்தாரே, அவரேதான். அந்த எபிக்டெடஸின் குரு முசோனியஸ் ரூஃபஸ். அவரும் நீரோ காலத்தில் நாடு கடத்தப்பட்டவர். உண்மையைச் சொன்னதற்காக வெறுக்கப்பட்டவர்கள் என்று ஜஸ்டின் தன் நூலில் போடும் பட்டியலில் இதே முசோனியஸின் பெயரும் இருக்கிறது. அதாவது நீதிபதியும் குற்றவாளியும் ஒரே ஆளைக் கும்பிட்டவர்கள். கருத்துக்காகச் சாவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ரஸ்டிகஸுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது அவர் வீட்டுக் கதை.

அப்படியிருந்தும் ஏன்? தன் வீட்டுக்காரர் செத்தால் அது தியாகம், கிறிஸ்தவன் செத்தால் அது பிடிவாதம் என்று அவருக்குத் தோன்றியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். 'தியானங்கள்' நூலிலேயே ஓர் இடத்தில் சாவுக்குத் தயாராக இருப்பதைப் பற்றிப் பேசும்போது, அது கிறிஸ்தவர்களைப் போல வெறும் எதிர்ப்பாக இருக்கக் கூடாது என்று வருகிறது. அந்தச் சொற்கள் இடைச்செருகல் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் பிளினியின் கடிதத்தில் இருக்கும் அதே எரிச்சல்தான் அதிலும் இருக்கிறது. நம் ஆள் வளையாவிட்டால் கொள்கை, எதிராளி வளையாவிட்டால் திமிர்.

இங்கேயே நிறுத்தினால் இது ஒரு நல்லவர், கெட்டவர் கதையாகிவிடும். ஜஸ்டினின் இன்னொரு நூலையும் படிக்க வேண்டும். டிரைபோ என்ற யூதரோடு நடந்த உரையாடலாக எழுதப்பட்டது அது. 132 முதல் 135 வரை ரோமுக்கு எதிராக யூதர்கள் நடத்திய போர் படுதோல்வியில் முடிந்து, ஊர்கள் எரிந்து, ஜெருசலேமுக்குள் அவர்கள் கால் வைக்கவே தடை வந்திருந்த நேரம். அந்த மக்களிடம் ஜஸ்டின் என்ன சொல்கிறார் தெரியுமா? உங்களுக்கு நேர்ந்தது நியாயம்தான் என்கிறார். விருத்தசேதனம் உங்களுக்குக் கொடுக்கப்பட்டதே, இந்தத் துன்பத்துக்கு உங்களைத் தனியாக அடையாளம் காட்டத்தான் என்கிறார். ஒரு பெயருக்காக மனிதனைத் தண்டிக்காதே என்று பேரரசரிடம் மன்றாடிய அதே கை எழுதியது இது. பின்வந்த நூற்றாண்டுகளில் யூதர்களுக்கு எதிராக இந்த வாதம் எங்கெல்லாம் போனது என்று நமக்குத் தெரியும்.

அதிகாரம் கை மாறியபோது சட்டமும் திசை மாறியது. 380இல் கிறிஸ்தவம் பேரரசின் மதமானது. 385 வாக்கில் பிரிசில்லியன் என்ற கிறிஸ்தவச் சிந்தனையாளருக்கு ஒரு கிறிஸ்தவப் பேரரசரே ட்ரியர் நகரத்தில் மரண தண்டனை நிறைவேற்றினார். 415இல் அலெக்சாந்திரியாவில் ஒரு கிறிஸ்தவக் கும்பல் தத்துவ ஆசிரியை ஹைபேஷியாவைக் கொன்றது. 448இல் கிறிஸ்தவர்களை எதிர்த்து பார்பிரி எழுதிய நூலைக் கொளுத்தச் சொல்லி அரசாணை வந்தது. இன்று அந்த நூல் இல்லை. அவரை மறுத்தவர்கள் மேற்கோள் காட்டிய துண்டுகள்தான் மிச்சம்.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் இப்படிச் செத்தவர்களை இரத்தசாட்சி என்கிறார்கள். கிரேக்க மூலச் சொல்லுக்கும் சாட்சி என்றுதான் பொருள். தியாகி என்றோ வீரன் என்றோ சொல்லாமல் சாட்சி என்று சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. சாட்சி சொல்பவன் எல்லா விஷயத்திலும் சரியாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. டிரைபோவிடம் ஜஸ்டின் சொன்னது தப்பு. ரஸ்டிகஸின் முன்னால் சொன்னது சரி. இரண்டையும் ஒரே ஆள்தான் சொன்னார்.

ரஸ்டிகஸ் இறந்த பிறகு அவருக்குச் சிலைகள் வைக்க மார்க்கஸ் செனட்டிடம் கேட்டுக்கொண்டார் என்று ஒரு பழைய வரலாற்று நூல் சொல்கிறது. ஜஸ்டினின் முறையீடுகளும் டிரைபோ உரையாடலும் நமக்குக் கிடைத்திருப்பது 14ஆம் நூற்றாண்டில் யாரோ ஒருவர் உட்கார்ந்து பிரதியெடுத்த, பாரிஸில் இருக்கும் ஒரே ஒரு கையெழுத்துச் சுவடியால். பெயருக்காக ஒருவனைக் கொல்லலாமா என்ற கேள்வி அந்த ஒற்றைச் சுவடியில் ஏறித்தான் நம்மிடம் வந்து சேர்ந்தது. அதைக் கேட்டவரே டிரைபோவிடம் அதை மறந்துபோனார். அவர் வழிவந்தவர்கள் அரியணை ஏறியதும் மறந்துபோனார்கள். பதில் சொல்ல வேண்டிய முறை ஒவ்வொரு காலத்திலும் அப்போது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருடையது.