என்ரான் கடிதங்கள்: தண்டனை முடிந்தும் விடுதலை இல்லை

பி.காம் படிக்கிற யாரிடமும் "என்ரான்" என்று சொல்லிப் பாருங்கள். ஐந்து மார்க் பதில் தானாக வந்து விழும். ஹூஸ்டன் நகரத்து எரிசக்தி நிறுவனம், கடனைத் துணை நிறுவனங்களில் ஒளித்து லாபம் காட்டியது, 2001 டிசம்பர் 2-ல் திவால், கணக்கைத் தணிக்கை செய்த ஆர்தர் ஆண்டர்சனும் கூடவே மூழ்கியது. நானும் இதையே எழுதி மார்க் வாங்கியவன்தான்.

ஆனால் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு பின்கதை இருக்கிறது. போன செமஸ்டரில்தான் அது எனக்குத் தெரிந்தது. ஸ்பேம் மெயிலைப் பிரித்தெடுக்கும் ஒரு சின்ன ப்ராஜெக்ட். அதற்குக் கொடுத்த தரவு என்ரான் ஊழியர்களின் மின்னஞ்சல்கள்! சும்மா நாலைந்தைத் திறந்து பார்த்தேன். மீட்டிங், ஒப்பந்தம் இவற்றுக்கு நடுவே மதியச் சாப்பாட்டு அழைப்பு, குடும்ப விஷயம், நண்பர்களுக்குள் கிண்டல்... பக்கத்து வீட்டுக்கு வந்த கடிதத்தைப் பிரித்துவிட்ட மாதிரி கூச்சமாக இருந்தது. இது எப்படி என் கைக்கு வந்தது என்று தேடிப் படித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

2000-01-ல் கலிபோர்னியாவில் கடுமையான மின்சாரத் தட்டுப்பாடு. விலை எகிறியது, மாநிலமே இருட்டில் தவித்தது. என்ரானின் மின்சார வியாபாரிகள் 'டெத் ஸ்டார்', 'ஃபேட் பாய்' என்றெல்லாம் பெயர் வைத்துச் சந்தையில் விளையாடியது பிறகு வெளியே வந்தது. இதை விசாரித்தது அமெரிக்காவின் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம். விசாரணைக்காக என்ரானின் மெயில்களை மொத்தமாக வாங்கியது. 2003 மார்ச்சில், பொதுமக்களுக்கும் உண்மை தெரியவேண்டும் என்று சொல்லி அவற்றை இணையத்தில் போட்டுவிட்டது.

அந்த மெயில்களை எழுதியவர்களில் பலருக்கும் மோசடிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஏற்கெனவே வேலை போய், கம்பெனிப் பங்கில் போட்டிருந்த ஓய்வூதியச் சேமிப்பும் கரைந்து நின்றவர்கள் அவர்களில் உண்டு. இப்போது அந்தரங்கமும் போனது. சிலர் புகார் செய்தார்கள், சில மெயில்கள் நீக்கப்பட்டன. ஆனால் அதற்குள் பிரதிகள் பல கைகளுக்குப் போய்விட்டன.

அதில் ஒரு பிரதியை விலைக்கு வாங்கியவர் எம்.ஐ.டி. பேராசிரியை லெஸ்லி கேல்ப்ளிங். (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, மாசசூசெட்ஸ்!) எஸ்.ஆர்.ஐ. என்ற ஆய்வு நிறுவனத்தில் அதிலிருந்த பிழைகளைச் சரிசெய்தார்கள். 2004-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கோஹன் அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி தளத்தில் வைத்தார். சுமார் 150 பேர், பெரும்பாலும் உயர் அதிகாரிகள். சுமார் 5 லட்சம் மெயில்கள். சம்பந்தப்பட்டவர்களின் அந்தரங்கத்தை மனதில் வைத்துக் கையாளுங்கள் என்று ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோளும் அங்கே உண்டு. வேண்டுகோள்தான், பூட்டு அல்ல.

ஆய்வாளர்களுக்கு இது புதையல். காரணம் எளிது. உண்மையான மனிதர்கள் உண்மையாக எழுதிய மெயில் எந்தக் கம்பெனியும் வெளியே தராத பொருள். ஸ்பேம் பிரிக்கவும், மெயிலைத் தானாக வகைப்படுத்தவும், ஓர் அலுவலகத்தில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று வரைபடம் போடவும் இதை வைத்துத்தான் பலரும் ஆராய்ந்தார்கள். 2020 டிசம்பரில் எலூதர் ஏ.ஐ. குழு, மொழி மாதிரிகளைப் பயிற்றுவிக்க 'தி பைல்' என்ற பிரம்மாண்டமான தொகுப்பை வெளியிட்டது. சுமார் 825 ஜிபி. அதிலும் என்ரான் மெயில்கள் உண்டு. 1 ஜிபி கூட இல்லை, கடலில் ஒரு கை தண்ணீர்தான். ஆனால் அந்தத் தண்ணீரில் யாரோ ஒருவரின் வீட்டு விஷயம் கரைந்திருக்கிறது.

'கரைந்துதானே போய்விட்டது, இனி யாருக்குத் தெரியப்போகிறது?' என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2019-ல் நிக்கோலஸ் கார்லினியும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. என்ரான் மெயில்களால் ஒரு மொழி மாதிரியைப் பழக்கிவிட்டு, அதிலிருந்தே கிரெடிட் கார்டு எண்களையும், அமெரிக்கர்களின் சமூகப் பாதுகாப்பு எண்களையும் அவர்கள் வெளியே எடுத்துக் காட்டினார்கள். இயந்திரம் மொழியை மட்டும் கற்பதில்லை. சில சமயம் நம்மில் சிலர் பரீட்சைக்குச் செய்கிற மாதிரி மனப்பாடமும் செய்துவிடுகிறது.

நியாயமாகப் பார்த்தால் மறுபக்கமும் உண்டு. இந்தத் தொகுப்பு வெளிவராமல் இருந்தால் இந்த ஆராய்ச்சியெல்லாம் நம் மெயிலைக் கையில் வைத்திருக்கும் சில பெரிய கம்பெனிகளின் சுவருக்குள்ளேயே நடந்திருக்கும். ஆபத்தைக் கண்டுபிடித்த கார்லினி குழுவுக்கும் இதே மெயில்கள்தானே உதவின!

இருந்தாலும் என் வணிகவியல் மூளைக்கு ஒன்று இடிக்கிறது. சம்பளத்துக்கு என்று அனுமதி வாங்கிய பணத்தைக் கட்டடத்துக்குச் செலவு செய்தால் ஆடிட்டர் விடமாட்டார். கட்டடம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி, "யாரைக் கேட்டு மாற்றினீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. இந்த மெயில்கள் எழுதப்பட்டது ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள. வாங்கப்பட்டது விசாரணைக்கு. வெளியிடப்பட்டது மக்கள் பார்வைக்கு. விற்கப்பட்டது ஆராய்ச்சிக்கு. கடைசியில் போய்ச் சேர்ந்தது இயந்திரத்தின் பயிற்சிக்கு. ஒவ்வொரு படியிலும் ஒரு நல்ல காரணம் இருந்தது. எந்தப் படியிலும் எழுதியவரை முன்கூட்டியே யாரும் கேட்கவில்லை. பணத்துக்கு இருக்கிற தணிக்கை, நம் வார்த்தைகளுக்கு இல்லை.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. என்ரான் கணக்குத் தொடர்பான காகிதங்களை ஆர்தர் ஆண்டர்சன் ஊழியர்கள் மூட்டை மூட்டையாகக் கிழித்துத் தள்ளினார்கள். அவை போனது போனதுதான். அப்பாவி ஊழியர்கள் நீக்கச் சொல்லிக் கெஞ்சியவையோ முழுதாக அழியவே இல்லை. என்ரானின் முன்னாள் தலைமை நிர்வாகி ஜெஃப்ரி ஸ்கில்லிங் 2019-ல் தண்டனை முடிந்து வெளியே வந்துவிட்டார். அந்த மெயில்களுக்குத்தான் இன்னும் விடுதலை கிடைக்கவில்லை.

என் ப்ராஜெக்ட்டை முடித்துக் கொடுத்துவிட்டேன், நல்ல மார்க்தான். மடிக்கணினியில் இருந்த அந்தத் தரவையும் அழித்துவிட்டேன். அதனால் உலகத்தில் ஒன்றும் மாறாது என்று தெரியும். இனி ஏதாவது சேவையில் 'ஏற்கிறேன்' என்று அழுத்தும் முன், எதற்கு ஏற்கிறேன் என்றாவது படித்துப் பார்ப்பேன். நீங்களும் ஒரு தடவை படித்துப் பாருங்களேன்!